'தி ஹோல் நைன் யார்ட்ஸ்': ஓர் ஆங்கில வழக்கின் பொருளையும் பிறப்பையும் தேடிப் பிடிக்கும் வழி

போன வருடம் மாலை வகுப்பில் ஒரு மாணவி நோட்டைத் திறந்தபடியே என்னிடம் வந்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலைக்கு அவள் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அமெரிக்க மேலாளர் ஒரு வாடிக்கையாளரைப் பற்றிப் பேசும்போது, "கிவ் தெம் தி ஹோல் நைன் யார்ட்ஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாராம். "ஒன்பது கெஜத்தை யாருக்கு சார் கொடுக்கணும்?" என்று கேட்டாள்.

பொருளைச் சரியாகத்தான் சொன்னேன். "எதையும் விடாமல் எல்லாத்தையும் கொடு, அவ்வளவுதான்." அதோடு நிறுத்தாமல், "நம்ம மடிசார் ஒன்பது கெஜம் இல்லையா? வெள்ளைக்காரன் இங்கே பார்த்துட்டுப் போய்ச் சொன்னதும்மா" என்றும் சேர்த்துவிட்டேன். வகுப்பே ரசித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் மட்டும், "எந்த வருஷம் சார் அது?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஆங்கில வழக்குகளைப் புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த ஒன்றை வைத்து முறையைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றையும் இதே போலத் தேடலாம்.

முதல் படி: வாக்கியத்தை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள்

காதில் விழுந்த வழக்கை மட்டும் எழுதினால் போதாது. யார், யாரிடம், எதைப் பற்றிப் பேசும்போது சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'நைன் யார்ட்ஸ்' என்று மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், ஒன்பதுக்கு ஒரு பொருள், யார்டுக்கு முற்றம், கெஜம், பட்டறை என்று நாலு பொருள் கிடைக்கும், குழப்பம் மட்டும் மிஞ்சும். என் மாணவி வாக்கியத்தை அப்படியே எழுதி வந்திருந்ததால்தான் ஒரே நொடியில் பொருள் சொல்ல முடிந்தது.

அகராதியில் இதை 'நைன்' என்ற சொல்லின் கீழோ, 'ஹோல்' அல்லது 'யார்ட்' என்பதன் கீழோ வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் இல்லையென்றால் அடுத்ததில் பாருங்கள். பொருளுக்குப் பக்கத்தில் பேச்சுவழக்கு, வட அமெரிக்கா என்பது போன்ற சிறு குறிப்பு இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கே பேசலாம், எங்கே கூடாது என்பதைச் சொல்வதே அதுதான்.

இரண்டாம் படி: பொருளைத் தமிழில் மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள்

'எல்லாம்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டால் வழக்கு கைக்கு வராது. இது மூன்று விதமாக வருகிறது, தமிழில் மூன்றுக்கும் வேறு வேறு சொற்கள் இருக்கின்றன.

ஒருவர் நடந்ததைச் சொல்லும்போது: "ஷீ டோல்ட் மீ தி ஹோல் நைன் யார்ட்ஸ்" என்றால், ஆதியோடந்தமாக, ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு வேலையைச் செய்யும்போது: "வீ வென்ட் தி ஹோல் நைன் யார்ட்ஸ்" என்றால், பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை போய்ச் செய்து முடித்தோம். பட்டியலின் கடைசியில்: "ஃப்ளவர்ஸ், மியூசிக், எ பிக் கேக், தி ஹோல் நைன் யார்ட்ஸ்" என்றால், பூ, பாட்டு, பெரிய கேக் என்று சகலமும் இருந்தது. நாம் "பந்தல், மேளம், பாயசம்னு ஒரு குறை இல்லை" என்று முடிப்போமே, அந்த இடம்.

மேலாளர் சொன்னது இந்த முதல் வகை. வாடிக்கையாளருக்குத் திட்டத்தின் விவரங்களை மேலோட்டமாகச் சொல்லாதே, முழுவதையும் சொல் என்பதே அவர் கேட்டது.

சொற்களின் அமைப்பு கொஞ்சமும் அசையாது. 'தி' இல்லாமல் சொல்ல மாட்டார்கள். எட்டு, பத்து என்று மாற்றினால் கேட்பவர் முழிப்பார். 'யார்ட்ஸ்' என்பதில் கடைசி 'ஸ்' போகக் கூடாது. மீட்டர் கணக்கு நாட்டில் இருக்கிறோம் என்பதற்காக 'எட்டேகால் மீட்டர்' ஆக்கவும் முடியாது!

மூன்றாம் படி: எங்கே வாயைத் திறக்கலாம்

சக ஊழியரோடு, பழகிய மேலாளரோடு, நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் தாராளமாகச் சொல்லலாம். ஒப்பந்தம், வேலை விண்ணப்பம், இரங்கல் கடிதம், மருத்துவரிடம் நோயைச் சொல்லும் இடம் ஆகியவற்றில் வேண்டாம். பிரிட்டனில் இருப்பவருக்குப் பொருள் புரியும், ஆனால் அமெரிக்க வாடை தெரியும். துணிக்கடைக்காரரிடமோ அளவு பேசும் இடத்திலோ சொன்னால் நிஜமாகவே ஒன்பது கெஜம் என்று எடுத்துக்கொள்வார்.

பேச்சில் பயன்படுத்த இவ்வளவு போதும். பிறப்பைத் தேடுவது இதற்கு மேல். எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

நான்காம் படி: ஊரில் உலவும் கதைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்

எதையும் நம்ப வேண்டாம், எதையும் தள்ளவும் வேண்டாம். முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வழக்குக்கு மட்டும் நான் சேர்த்த கதைகள் ஒரு பக்கத்தை நிரப்பின.

அதிகம் பேசப்படுவது இரண்டாம் உலகப் போர்க் கதை. போர் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக்குக் குண்டுகள் கோத்த வார் 27 அடி நீளமாம், அதாவது ஒன்பது கெஜம். எதிரி மேல் அத்தனையையும் சுட்டுத் தீர்த்துவிட்டு வந்தவர் 'ஒன்பது கெஜமும் கொடுத்தேன்' என்றாராம். இன்னொன்று கட்டடக்காரர்கள் கதை. சுழன்றுகொண்டே வரும் கான்கிரீட் லாரி ஒன்பது கன கெஜம் கலவை கொள்ளுமாம். கப்பல்காரர்கள் சொல்வது: ஆங்கிலத்தில் பாய்மரத்தின் குறுக்கே கட்டும் கட்டைக்கும் யார்ட் என்றே பெயர். மூன்று மரம், மரத்துக்கு மூன்று கட்டை, ஆக ஒன்பது. அமெரிக்கக் கால்பந்து என்பார்கள் சிலர். ஸ்காட்லாந்துக்காரர் இடுப்பில் சுற்றும் கில்ட் உடைக்கு ஒன்பது கெஜத் துணி என்பார்கள் வேறு சிலர். இந்தியர்கள் கூடும் இடத்தில் கடைசியாக மடிசார் வந்து சேரும்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு கதையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்

அந்தப் பொருள் உண்மையிலேயே ஒன்பதா? கதை சொல்லும் காலத்தில் அந்தப் பொருள் இருந்ததா? அந்தத் தொழிலைச் சேர்ந்த யாராவது, அந்தக் காலத்திலேயே, இந்தச் சொற்களை எழுதி வைத்திருக்கிறாரா?

கால்பந்து முதல் கேள்வியிலேயே விழுகிறது. அந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிகளுக்குள் முன்னேற வேண்டியது 10 கெஜம். ஒன்பது கெஜம் போனவர் குறைவாகவே போயிருக்கிறார். கப்பல் கதையும் அப்படித்தான். வேகமாக ஓடிய பெரிய பாய்க்கப்பல்களில் ஒரு மரத்துக்கு மூன்றுக்கும் அதிகமான குறுக்குக் கட்டைகள் இருந்தன. லாரியின் கொள்ளளவு லாரிக்கு லாரி மாறும். குண்டு வார்களின் நீளமும் விமானத்துக்கு விமானம் மாறியது, தவிர அவற்றைக் குண்டுகளின் எண்ணிக்கையில்தான் கணக்குச் சொல்வார்கள்.

மடிசார் மட்டும் முதல் கேள்வியில் தேறிவிடுகிறது. அதனால்தான் அது இவ்வளவு சுலபமாக நம்மை ஏமாற்றுகிறது. என் பாட்டி நார்மடிப் புடவையைக் கொடியில் காயப்போட்டால் கொல்லைப்புறம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை போய்த் திரும்பி வரும். மடிக்கும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடுவாள். ஒன்பது கெஜம் என்பது 27 அடி, மீட்டரில் 8.23. அந்த நீளத்தைக் கையில் பிடித்து வளர்ந்தவன் 'முழு ஒன்பது கெஜம்' என்று கேட்டதும் வேறு எதை நினைப்பான்?

ஆனாலும் மூன்றாம் கேள்வியைக் கேட்டாக வேண்டும். தமிழ்ச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்குப் போனால் தடம் விட்டுத்தான் போகும். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் முதலில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷாரின் எழுத்தில் ஏறின. 1886-ல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் மூன்றையும் பார்க்கலாம். ஒன்பது கெஜமும் இங்கிருந்து போயிருந்தால் சென்னையிலோ லண்டனிலோதான் முதலில் தலைகாட்ட வேண்டும். அது எங்கே தலைகாட்டியது என்பதை அடுத்த படிகளில் பார்ப்போம்.

ஆறாம் படி: தேதி போட்ட அச்சுத்தாளில் தேடுங்கள்

இதற்குப் பணம் வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்தும் 'கிரானிக்ளிங் அமெரிக்கா' தளத்தில் அந்நாட்டின் பழைய செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக, இலவசமாகக் கிடைக்கின்றன. சின்ன ஊர்களின் வாரப் பத்திரிகைகள்கூட இருக்கும். 'கூகுள் புக்ஸ்' இன்னொரு வழி. தேடும் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்கள். குறி இல்லாவிட்டால் ஒன்பது ஒரு பக்கத்திலும் கெஜம் வேறு பக்கத்திலும் இருக்கும் ஆயிரம் தாள்கள் வந்து கொட்டும்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன, நான் இரண்டிலும் விழுந்து எழுந்தவன். கூகுள் புக்ஸில் ஒரு பருவ இதழுக்குப் போட்டிருக்கும் வருடம் பல சமயம் அந்த இதழ் தொடங்கிய வருடமாக இருக்கும். 1910 என்று காட்டும், திறந்தால் உள்ளே தொலைக்காட்சி விளம்பரம் இருக்கும். அந்த இதழின் தேதி அச்சிட்ட பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் வருடத்தைக் குறிக்காதீர்கள். பழைய தாளைக் கணினி தப்பாகப் படித்திருக்கும் என்பதும் ஒன்று. அதனால் தேடலில் ஒன்றும் வரவில்லை என்பதால் அச்சில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அகப்பட்ட வரியின் முன்னும் பின்னும் படிப்பதும் அதே அளவு முக்கியம். 1942-ல் அமெரிக்க செனட் விசாரணை ஒன்றில் கப்பல் ஆணையத்தின் தலைவர் எமரி லேண்ட் 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்றே சொல்லியிருக்கிறார், அச்சில் இருக்கிறது. போர்க்காலம், கடற்படை அதிகாரி, அதே சொற்கள். பார்த்தவுடன் புதையல் என்று தோன்றும். பத்தியை முழுதாகப் படித்தால், அவர் பேசுவது ஒன்பது கப்பல் கட்டும் தளங்களின் உற்பத்திக் கணக்கு. அங்கே யார்ட் என்றால் பட்டறை. வழக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஏழாம் படி: ஒரு சொல்லை மாற்றித் தேடுங்கள்

இந்த வழக்கின் வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது இந்த ஒரு தந்திரம்தான். ரொம்ப நாளாக 1960களைத் தாண்டி யாராலும் பின்னே போக முடியவில்லை. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க விமானப்படையினர் பேச்சில் இருந்தது, 1964-ல் விண்வெளித் துறையினரின் பேச்சுவழக்கு பற்றிய செய்தித்தாள் கட்டுரையில் இருந்தது. அதனால் போர்க்கதைக்கும் லாரிக்கதைக்கும் நல்ல மவுசு. நியூயார்க் டைம்ஸில் மொழி பற்றிப் பத்தி எழுதிய வில்லியம் சஃபையர் வாசகர்களிடம் இதைப் பலமுறை கேட்டு எழுதினார்.

வட கரோலினாவில் நரம்பியல் ஆய்வு செய்யும் பானி டெய்லர்-பிளேக், சொந்த ஆர்வத்தில் இதைத் தேடியவர். கென்டக்கி மாநிலத்தின் வேட்டை, மீன்பிடி இதழ் ஒன்றில் 1956, 1957 ஆண்டுகளில் இந்த வழக்கு வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு 'நைன்' என்ற இடத்தில் 'சிக்ஸ்' என்று போட்டுத் தேடியதும் இன்னும் பழைய தாள்கள் பேச ஆரம்பித்தன. யேல் பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தைச் சேர்ந்த ஃப்ரெட் ஷபிரோ போன்றவர்களும் இந்தத் தேடலில் இருந்தார்கள். 1912-ல் கென்டக்கியின் மவுன்ட் வெர்னன் ஊர்ப் பத்திரிகையில், அதிபர் பதவிக்கு மோதிக்கொண்டிருந்த ரூஸ்வெல்ட்டும் டாஃப்ட்டும் ஒருவர் மேல் ஒருவர் பாயட்டும், 'முழு ஆறு கெஜத்தையும்' அவர்களே கக்கிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அதே பத்திரிகை அதே வருடம் வாசகர்களிடம், இந்த வாரம் ஊரில் இல்லாததால் செய்தி குறைவு, அடுத்த இதழில் முழு ஆறு கெஜமும் தருகிறோம் என்கிறது. 1921-ல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் ஒரு பேஸ்பால் செய்திக்குத் தலைப்பே 'தி ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ் ஆஃப் இட்'.

2012 கடைசியில் இது செய்தியானபோது, ஆறுதான் நாளடைவில் ஒன்பதாகப் பெருத்தது என்று பலரும் நினைத்தார்கள். ஆங்கிலத்தில் அப்படி நடப்பதுண்டு. ஆனந்தத்தில் மிதப்பதைச் சொல்லும் 'கிளவுட் நைன்' கிளவுட் செவன் என்றும் கிளவுட் எய்ட் என்றும் அச்சேறியிருக்கிறது. பிறகு 'ஹோல்' என்ற இடத்தில் 'ஃபுல்' என்று போட்டுத் தேடியதில் இன்னும் பழைய வரிகள் வந்தன. ஊர், இந்தியானா மாநிலத்தின் மிட்சல். 1907-ல் அங்கே ஊர் அணி வணிகர்களோடு பேஸ்பால் ஆடப்போவதைச் சொல்லும் செய்தி, தாங்கும்வரை ஆடுவார்கள், 'ஃபுல் நைன் யார்ட்ஸ்' ஆடுவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறது. பேஸ்பாலில் அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது சுற்று. ஆகவே அங்கே ஒன்பது சிலேடையாகவும் இருக்கலாம் என்று நான் பக்கத்தில் குறித்துவைத்தேன். அடுத்த வருடம் அதே பத்திரிகையில் வந்த வரியில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. ராஸ்கோ என்பவர் மீன் பிடித்துவிட்டுப் பெரிய கதையோடு திரும்பியிருக்கிறார், அதை இறக்கிவைக்கும்வரை நாங்கள் நின்று கேட்க மாட்டோம், விவரம் தெரியாத யாராவது ஒருநாள் மாட்டுவார், அவருக்கு முழு ஒன்பது கெஜமும் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த வரியைப் படித்தபோது எனக்குத் தமிழ் காதில் கேட்டது. நாமும் கதையை அளக்கத்தானே செய்கிறோம்? 'சும்மா அளக்காதே' என்கிறோம். ராஸ்கோ செய்ததும் அதுதான். இரண்டு மொழிக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் இருந்ததென்று நான் சொல்ல வரவில்லை. பேச்சைத் துணி போல நீளமாக நினைப்பது இரண்டு ஊருக்கும் தோன்றியிருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் ஆங்கில வழக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும்.

துணி என்று வந்துவிட்டதால் 1855-ஐயும் சொல்கிறேன். அதே இந்தியானாவின் நியூ ஆல்பனி பத்திரிகையில் ஒரு நீதிபதியின் பெரிய சட்டை பற்றி ஒரு நகைச்சுவைக் கதை. மூன்று சட்டை தைக்கத் துணி வாங்கினால், மொத்தத் துணியையும், 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்ற அதே சொற்களோடு, ஒரே சட்டையில் போட்டுவிட்டாளே அந்தப் பெண் என்று அவர் அலறுகிறார். இங்கே ஒன்பது கெஜம் நிஜத் துணிதான். வழக்கு இந்தக் கதையிலிருந்து முளைத்தது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் 1855-க்கும் 1907-க்கும் நடுவே 52 வருடம். அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்பினால் நான் மறுபடி மடிசார் கதைக்கே போனவன் ஆவேன்.

எட்டாம் படி: தேதி வரிசையில் அடுக்கி, தாங்கும் அளவு மட்டும் முடிவெடுங்கள்

ஒரு தாளில் இடப்பக்கம் வருடம், நடுவில் ஊர், வலப்பக்கம் வரி. 1855 நியூ ஆல்பனி, 1907 மிட்சல், 1908 மிட்சல், 1912 மவுன்ட் வெர்னன், 1921 ஸ்பார்டன்பர்க், 1956 கென்டக்கி. அடுக்கியதும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இந்தியானாவும் கென்டக்கியும் ஒஹையோ ஆற்றின் இரு கரை. நியூ ஆல்பனி அந்த ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. வழக்கு அந்த வட்டாரத்துச் சின்ன ஊர்களின் பேச்சில் புழங்கியிருக்கிறது. கடலும் இல்லை, போர் விமானமும் இல்லை. 1907-ல் கலவையைச் சுழற்றிக்கொண்டே ஓடும் லாரியும் இல்லை. ஆறும் ஒன்பதும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருப்பதால், ஏதோ ஒரு பொருளின் சரியான அளவிலிருந்து வந்தது என்ற எல்லாக் கதைகளும் சேர்ந்தே வலுவிழக்கின்றன. 'நீளமாக, ஒரு கெஜமும் குறையாமல்' என்ற அளவுக்குத்தான் அந்த எண்ணுக்கு வேலை.

இதில் ஒரு விஷயத்தை மாணவர்களிடம் கட்டாயம் காட்டுவேன். நம் வீட்டில் சாதாரணப் புடவைக்கு ஆறு கெஜம் என்போம், மடிசாருக்கு ஒன்பது. அங்கேயும் ஆறு, ஒன்பது! இதைவிடப் பொருத்தமாக ஒரு கதை அமையாது. ஆனால் கென்டக்கியின் ஒரு கிராமத்துப் பத்திரிகைக்குப் புடவை தெரிந்திருந்ததற்கு ஒரு வரி சான்று வேண்டும், அது யார் கையிலும் இல்லை. பொருத்தம் அழகாக இருக்கும்போதுதான் தேதியை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

ஆகவே நோட்டில் எழுத வேண்டியது இதுதான்: பொருள், முழுவதும், ஒன்று விடாமல். இடம், அமெரிக்கப் பேச்சுவழக்கு. அச்சில், 1907 முதல், இந்தியானா, கென்டக்கி. எந்தப் பொருளின் ஒன்பது கெஜம், தெரியாது. கடைசி வரியை எழுதத் தயங்காதீர்கள்.

பின் பெஞ்சுப் பையனிடம் அடுத்த வகுப்பில் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவன் வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போய் 1921-க்கும் 1956-க்கும் நடுவில் நிறுத்தினான். "இங்கே முப்பத்தஞ்சு வருஷம் காலியா இருக்கே சார், நான் தேடிப் பார்க்கட்டுமா?" என்றான். கிரானிக்ளிங் அமெரிக்கா முகவரியைப் பலகையில் எழுதிப் போட்டேன்.